மிதித்தவுடன் பாயாதது ஏன்? பழைய சுமோவும் புதிய எஸ்.யு.வி.யும்

பெங்களூர் ஈஜிபுரத்தில் குடியிருக்கும் அந்த டிரைவருக்கு வயது ஐம்பத்திரண்டு. சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். ஸ்டியரிங் பிடித்து முப்பது வருஷம் ஆகிறது. முதலில் டாடா சுமோ, பிறகு குவாலிஸ், அப்புறம் மறுபடியும் சுமோ. கால் சென்டர் பெண்களை விடியற்காலையில் வீட்டு வாசலில் இறக்கிவிட்ட நாள் முதலாக அவர் கைபட்ட வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று தெருவே சொல்லும்.

முதலாளி பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதிய டீசல் எஸ்.யு.வி. ஒன்று வாங்கினார். ஆட்டோமேட்டிக் கியர். கிளட்ச் கிடையாது. உள்ளே உட்கார்ந்தால் எஞ்சின் ஓடுவதே தெரியாது.

பொங்கலுக்கு முதலாளி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தர்மபுரிப் பக்கம் கிளம்பினார். ஓசூர், கிருஷ்ணகிரி வரை அகலச் சாலை. தொல்லை ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலையை விட்டு ஊர்ச்சாலையில் இறங்கியதும் முன்னால் ஒரு கரும்பு லாரி. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. எதிரே தூரத்தில் ஒரு பஸ்.

முப்பது வருஷத்துப் பழக்கம் கணக்குப் போட்டது. இடம் இருக்கிறது, போய்விடலாம். வலது பக்கம் எடுத்தார். ஆக்சிலேட்டரை மிதித்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு விநாடி இருக்கும். அதன் பிறகு எஞ்சின் உறுமியது. வண்டி பாய்ந்தது. ஆனால் அதற்குள் பஸ் வெகு அருகில் வந்துவிட்டது. பிரேக்கை அழுத்தி, மறுபடியும் லாரிக்குப் பின்னால் ஒதுங்கினார். பின் சீட்டில் முதலாளியின் மனைவி, மடியில் குழந்தை. ஊர் போய்ச் சேரும்வரை வண்டிக்குள் யாரும் பேசவில்லை.

"காலை வச்சா கேக்கவே மாட்டேங்குது சார், இந்த வண்டி" என்றார் டிரைவர். "கம்பெனியில காட்டிப் பார்க்கலாம்" என்றார் முதலாளி. சர்வீஸ் நிலையத்தில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். எந்தக் கோளாறும் இல்லை என்று தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். வண்டியில் கோளாறு இல்லை என்றால் கோளாறு யாரிடம்? முதலாளி வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் டிரைவருக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. இந்த வயதில் வேலை போனால் வேறு எங்கே போய் நிற்பது?

இது ஒருவருடைய கதை மட்டும் அல்ல. பழைய வண்டியிலிருந்து புதிய வண்டிக்கு மாறும் டிரைவர்களிடம் கேட்டால் பாதிப்பேர் இதையேதான் சொல்வார்கள். 'பழைய வண்டி காலை வைத்ததும் பாயும். புதியது யோசித்துத்தான் போகும்' என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மைதான்.

பிக்-அப் வேறு, இழுவை வேறு

டிரைவர்கள் 'பிக்-அப்' என்ற ஒரே சொல்லில் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

மிதித்த பிறகு வண்டி அசைய எத்தனை நேரம் ஆகிறது என்பது ஒன்று. அசைந்த பிறகு எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பது மற்றொன்று. பழைய வண்டிகள் முதலாவதில் கெட்டி. இரண்டாவதில் அவை புதிய வண்டிகளின் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

1994-ல் டாடா சுமோ வந்தபோது அதில் இருந்தது 1948 சி.சி. டீசல் எஞ்சின். அதன் குதிரைத் திறன் 70-ஐ எட்டவில்லை. அதைக் கொண்டுதான் பத்துப்பேரையும், அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் சுமோ இழுத்தது. 2022-ல் வந்த ஸ்கார்ப்பியோ-என் வண்டியின் 2.2 லிட்டர் டீசல் எஞ்சின் 170-க்கு மேல் குதிரைத் திறன் கொடுக்கிறது. எஞ்சின் அளவு கொஞ்சம்தான் கூடியிருக்கிறது. சக்தி இரண்டு மடங்குக்கு மேல்.

அப்படியானால் பலசாலி வண்டி ஏன் தயங்குகிறது? அதற்குக் காலடியில் இருக்கும் மிதியிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்று: காலுக்கும் பம்புக்கும் ஒரு கம்பி

பழைய வண்டியில் ஆக்சிலேட்டர் மிதிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருந்தது ஒரு கம்பி. டிரைவர்கள் 'ஆக்சிலேட்டர் கேபிள்' என்பார்கள்.

டீசல் வண்டியில் அந்தக் கேபிள் போய் மாட்டியிருக்கும் இடம் பம்பு. மிதியை ஓர் அங்குலம் அழுத்தினால் பம்பின் நெம்புகோல் அதற்கேற்ப நகரும். அந்த நொடியே டீசல் கூடுதலாகப் போகும். நடுவே கேள்வி கேட்க ஆள் இல்லை. வேகம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள கவர்னர் என்ற ஒரு பாகம் மட்டும் பம்புக்குள் இருந்தது.

இந்தப் பம்பு என்றதும் பெங்களூர்வாசிகளுக்கு ஆடுகோடி நினைவுக்கு வரும். 1951-ல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது மைக்கோ, ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்தது அங்கேதான். 2008-ல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறியது. ஆனாலும் பட்டறைகளில் இன்றும் 'மைக்கோ பம்பு' என்றுதான் பெயர். அந்த ஆலைச் சங்கு கேட்டு எழுந்து வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரில் பல உண்டு.

பெட்ரோல் ஜீப்புகளின் கதை வேறு. 1985-ல் மாருதி ஜிப்ஸி வந்தபோது அதில் 970 சி.சி. எஞ்சினும் கார்புரேட்டரும் இருந்தன. அங்கே கேபிள் திறப்பது காற்று போகும் வழியை. திடீரென்று மிதித்தால் காற்று முந்திக்கொண்டு ஓடும், பெட்ரோல் பின்தங்கும். எஞ்சின் ஒரு கணம் திக்கும். அதைச் சரிக்கட்ட கார்புரேட்டருக்குள்ளேயே ஒரு சிறு பம்பு வைத்திருந்தார்கள். மிதித்த கணத்தில் அது கொஞ்சம் பெட்ரோலைப் பீச்சும். அந்தப் பம்பின் தோல் வாஷர் தேய்ந்துபோனால் வண்டி மிதித்ததும் மூச்சு முட்டி நிற்கும்.

ஆக, பழைய வண்டியில் எதுவும் தயங்கியதில்லை என்று சொல்வது சரியல்ல. கேபிள் துருப்பிடித்து இறுகும். நடு வழியில் அறுந்துபோகும். அறுந்த கேபிளுக்குப் பதிலாகக் கயிறு கட்டி, பக்கத்தில் ஆளை உட்காரவைத்து இழுக்கச் சொல்லி ஊர் வந்து சேர்ந்த கதை பழைய டிரைவர்கள் பலரிடம் இருக்கும். மிதியைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் போய்விட்டால் காலை எடுத்த பிறகும் வண்டி ஓடும். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

இன்று: மிதி கொடுப்பது மனு

இன்றைய வண்டியின் மிதிக்குப் பின்னால் கேபிள் இல்லை. அங்கே இருப்பது கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்து சொல்லும் மின் உணர்வுக் கருவி. ஒன்றல்ல, இரண்டு. ஒன்று தவறாகச் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். இரண்டும் முரண்பட்டால் கம்ப்யூட்டர் விளக்கைப் போட்டு, வண்டியின் சக்தியைக் குறைத்து, மெதுவாகப் போக மட்டும் விடும்.

உலகில் இந்த முறை காருக்கு வந்தது 1980-களின் பிற்பகுதியில். நம் நாட்டில் டீசல் வண்டிகளில் இது பரவியது 'காமன் ரெயில்' எஞ்சின்கள் வந்த பிறகு. 1997-ல் பயணிகள் கார்களில் அறிமுகமான ஏற்பாடு அது. பழைய பம்பில் டீசலின் அளவைக் கம்பியும் கவர்னரும் தீர்மானித்தன. இதில் எவ்வளவு டீசல், எந்தக் கணத்தில், எத்தனை தவணையில் என்று எல்லாவற்றையும் தீர்மானிப்பது கம்ப்யூட்டர்.

ஆபீஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பழைய வண்டியில் டிரைவரின் கால் நேரே கஜானாவைத் திறந்தது. புதிய வண்டியில் கால் கொடுப்பது ஒரு மனு. 'எனக்கு இவ்வளவு சக்தி வேண்டும்' என்று மிதி எழுதிக் கொடுக்கிறது. கம்ப்யூட்டர் அதைப் படித்து, எஞ்சினுக்குக் காற்று போதுமா, சூடு சரியா, சக்கரம் வழுக்குகிறதா, எந்தக் கியரில் இருக்கிறது என்றெல்லாம் பார்த்து உத்தரவு போடுகிறது. கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் நேரம் கண்சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. தாமதம் அங்கே இல்லை. உத்தரவு நிறைவேறுவதில்தான் இருக்கிறது.

புகைக்குப் போட்ட கடிவாளம்

பழைய டீசல் வண்டியைச் சட்டென்று மிதித்தால் பின்னால் கறுப்புப் புகை கிளம்பும். பின்னால் ஸ்கூட்டரில் வருபவர் முகத்தை மூடிக்கொள்வார். டிரைவருக்கு அது பிக்-அப்பின் அடையாளம். உண்மையில் அது வீணாய்ப்போன டீசல். காற்று போதாதபோதும் பம்பு டீசலைக் கொட்டியதால் வந்த புகை.

அதற்கு இன்று அனுமதி இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ்-6 விதி அமலுக்கு வந்தது. பயணிகள் டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியே விடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடின் அளவு 250 மில்லிகிராமிலிருந்து 80 மில்லிகிராமாகக் குறைந்தது. கரித்துகளின் அளவு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆனது. 2023 ஏப்ரல் முதல் சோதனைக்கூடத்தில் மட்டுமல்லாமல் சாலையில் ஓடும்போதும் புகை அளக்கப்படுகிறது.

ஆகவே கம்ப்யூட்டர் ஒன்று செய்கிறது. கால் எவ்வளவு அழுத்தினாலும், எஞ்சினுக்குள் அதற்குத் தக்க காற்று வந்து சேரும்வரை டீசலைப் பிடித்து வைக்கிறது. காற்று வந்த பிறகுதான் கைவிடுகிறது. டிரைவர் உணரும் தயக்கத்தில் ஒரு பகுதி இதுதான். பின்னால் வருகிறவன் முகத்தில் கரி அடிக்காததற்கு நாம் கொடுக்கும் விலை என்று வைத்துக்கொள்ளலாம்.

காற்றுக்காகக் காத்திருக்கும் எஞ்சின்

அந்தக் காற்றைக் கொண்டுவருவது டர்போ. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறிய சக்கரம் சுழலும். அதே அச்சில் இருக்கும் மறு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். சின்ன எஞ்சின் பெரிய சக்தி தருவது இதனால்தான்.

ஆனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு. டர்போ சோம்பிக் கிடக்கும். மிதித்ததும் முதலில் கொஞ்சம் டீசல் போகும். அதனால் புகை கூடும். புகை கூடினால் டர்போ வேகம் எடுக்கும். டர்போ வேகம் எடுத்தால் காற்று வரும். காற்று வந்தால் மேலும் டீசல். இந்தச் சங்கிலி முடிவதற்கு ஆகும் நேரத்தைத்தான் 'டர்போ லேக்' என்கிறார்கள். எஞ்சின் ஏற்கனவே நல்ல வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

பழைய சுமோ டிரைவர் இங்கேதான் ஏமாறுகிறார். டர்போ இல்லாத அந்த எஞ்சின் மேல் கியரிலேயே, குறைந்த வேகத்திலேயே, முனகிக்கொண்டாவது இழுக்கும். கியரை இறக்காமல் ஓட்டுவதுதான் டீசல் மிச்சப்படுத்தும் வழி என்று முதலாளிகளும் சொல்லிக்கொடுத்தார்கள். அதே பழக்கத்தில் புதிய வண்டியை நாலாவது, ஐந்தாவது கியரில் உருட்டிக்கொண்டு போய் மிதித்தால் அது தூங்கும். ஒரு கியர் இறக்கிவிட்டு மிதித்தால் பாயும்.

கியர் பெட்டிக்கும் யோசனை உண்டு

ஈஜிபுரத்து டிரைவரின் வண்டியில் கியரை இறக்கும் வேலையும் அவர் கையில் இல்லை. அது ஆட்டோமேட்டிக்.

கரும்பு லாரிக்குப் பின்னால் 50 கிலோமீட்டரில் போகும்போது கியர் பெட்டி டீசல் சிக்கனத்துக்காக உயர்ந்த கியரில் போட்டு வைத்திருந்தது. அவர் மிதித்ததும், இவருக்கு அவசரம் போலிருக்கிறது என்று அது முதலில் உணர வேண்டும். பிறகு இரண்டு கியர் இறங்க வேண்டும். எஞ்சின் வேகம் ஏற வேண்டும். டர்போ விழிக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து அந்த ஒரு விநாடி.

ஆட்டோமேட்டிக் என்பதிலும் ரகம் உண்டு. குறைந்த விலை எஸ்.யு.வி.களில் வரும் ஏ.எம்.டி. என்பது சாதாரணக் கியர் பெட்டிதான். கிளட்சைக் காலுக்குப் பதிலாக ஒரு கருவி மிதிக்கிறது. கியர் மாறும் நேரத்தில் சக்கரத்துக்குப் போகும் சக்தி துண்டிக்கப்படும். வண்டி ஒரு முறை தலையாட்டும். பெரிய வண்டிகளில் வரும் டார்க் கன்வர்ட்டர் வகையில் அந்தத் துண்டிப்பு தெரியாது. ஆனால் கியர் இறங்கும் யோசனை நேரம் உண்டு.

ஒரு விநாடி என்றால் எத்தனை பஸ்?

ஒரு விநாடி பெரிய விஷயமா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 14 மீட்டர் நகரும். எதிரே 70 கிலோமீட்டரில் வரும் பஸ் அதே விநாடியில் 19 மீட்டர் நகரும். இரண்டும் சேர்ந்து 33 மீட்டர். அதாவது மூன்று பஸ்ஸை வரிசையாக நிறுத்தும் அளவுக்கு இருந்த இடம் ஒரு விநாடியில் காணாமல் போகிறது. டிரைவர் வலது பக்கம் எடுத்து, மிதித்து, வண்டி அசையக் காத்திருக்கும்போதே இது நடந்து முடிந்துவிடுகிறது.

பழைய வண்டியில் அந்த டிரைவர் இதை நன்றாகச் சமாளித்தார். சுமோவின் இழுவை குறைவு என்று அவருக்குத் தெரியும். ஆகவே எதிரே வெகுதூரம் காலியாக இருந்தால்தான் முந்துவார். புதிய வண்டி பலசாலி என்று தெரிந்ததும் அந்த எச்சரிக்கை குறைந்தது. பலம் இருக்கிறது, ஆனால் அது ஒரு விநாடி தள்ளி வருகிறது என்பது மனக்கணக்கில் ஏறவில்லை. விபத்து புகும் ஓட்டை அதுதான்.

எக்கோ, ஸ்போர்ட் என்ற பொத்தான்கள்

புதிய வண்டிகள் பலவற்றில் எக்கோ, நார்மல், ஸ்போர்ட் என்று பொத்தான்கள் இருக்கின்றன. மகேந்திரா வண்டிகளில் இதற்கு ஜிப், ஜாப், ஜூம் என்று பெயர். செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் மகேந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவான எக்ஸ்.யு.வி.700, ஸ்கார்ப்பியோ-என் ஆகியவற்றில் இவற்றைக் காணலாம்.

இந்தப் பொத்தான் முக்கியமாக மாற்றுவது மனுவைப் படிக்கும் முறையை. எக்கோவில் கால் பாதி அழுத்தினால் கம்ப்யூட்டர் அதைக் கால்வாசி ஆசையாக எடுத்துக்கொள்ளும். ஸ்போர்ட்டில் அதே பாதி மிதியை முக்கால்வாசியாகப் படிக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் கியரும் சீக்கிரம் இறங்கும். சில வண்டிகளில் சிக்கன நிலையில் எஞ்சினின் முழுச் சக்தியையே குறைத்து வைப்பதும் உண்டு. மற்றவற்றில் மிதியைத் தரைவரை அழுத்தினால் எந்த நிலையிலும் கிடைப்பது ஒரே சக்திதான்.

சர்வீஸ் தாளோடு வெளியே வந்த டிரைவர், கலாசிபாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் பழைய நண்பரிடம் போனார். நண்பர் கேட்ட முதல் கேள்வி: "எந்த மோடுல ஓட்டினீங்கண்ணே?"

டிரைவருக்குத் தெரியவில்லை. பார்த்தால் வண்டி எக்கோவில் இருந்தது. டீசல் செலவு குறையட்டும் என்று வாங்கிய வாரமே முதலாளி அழுத்தி வைத்தது. டிரைவரிடம் யாரும் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்தவர்கள் பாட்டுப் பெட்டியை எப்படிப் போடுவது என்று அரைமணி நேரம் விளக்கினார்கள். இந்தப் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கடையில் விற்கும் குட்டிப் பெட்டி

'பிக்-அப் கூட்டித் தருகிறோம்' என்று சொல்லி ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். மிதிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே அதை மாட்ட வேண்டும். பல ஆயிரம் ரூபாய் விலை. மாட்டியதும் வண்டி துள்ளுவதும் உண்மை.

ஆனால் அது எஞ்சினுக்கு அரைக் குதிரை பலம்கூடக் கூட்டுவதில்லை. கால் பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாகக் கம்ப்யூட்டரிடம் கூட்டிச் சொல்கிறது, அவ்வளவுதான். டர்போ விழிக்கும் நேரமும், கியர் இறங்கும் நேரமும் அப்படியே இருக்கும். காலைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் காசில்லாமல் கிடைப்பதை விலை கொடுத்து வாங்குவானேன்? நெரிசலில் ஊர்ந்து போகும்போது வண்டி வெடுக்கென்று துள்ளுவது வேறு தொல்லை. உத்தரவாத காலத்தில் மாட்டினால், பிறகு ஏதாவது கோளாறு வரும்போது கம்பெனி கைவிரிக்கவும் இடம் உண்டு.

மின்சார வண்டி வேறு ஜாதி

இப்போது சாலையில் மின்சார எஸ்.யு.வி.களும் ஓடுகின்றன. டாடா நெக்ஸான் மின்சார வண்டி 2020-ல் வந்தது. இவற்றில் டர்போ இல்லை, கியர் மாற்றம் இல்லை, காற்றுக்குக் காத்திருப்பதும் இல்லை. மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையையும் கொடுக்கும். கேபிள் காலத்து உடனடித் துள்ளலும், இந்தக் காலத்துப் பலமும் ஒன்றாகக் கிடைக்கும்.

அதனால் ஆபத்து இங்கே தலைகீழ். டீசல் வண்டியை அழுத்திப் பழகிய காலோடு இதில் ஏறி மிதித்தால், முன்னால் நிற்கும் ஸ்கூட்டரின் மேல் போய் நிற்கும். காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் குறைவதும் புதிய பழக்கம்.

டிரைவர்கள் கவனிக்க வேண்டியவை

புதிய வண்டி கைக்கு வந்ததும் ஆள் ஏற்றுவதற்கு முன்னால் காலிச் சாலையில் ஒரு மணி நேரமாவது தனியே ஓட்டிப் பார்க்க வேண்டும். 40, 60, 80 கிலோமீட்டரில் போகும்போது மிதித்து, வண்டி அசைய எத்தனை நேரம் ஆகிறது என்று மனசுக்குள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முந்துவதற்கு முன் தயார் செய்துகொள்ள வேண்டும். கை கியர் என்றால் இடது பக்கம் இருக்கும்போதே ஒரு கியர் இறக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் ஸ்போர்ட் நிலைக்கோ, கையால் கியர் மாற்றும் நிலைக்கோ முன்கூட்டியே கொண்டுவர வேண்டும். எஞ்சின் விழித்துக்கொண்ட சத்தம் கேட்ட பிறகுதான் வலது பக்கம் எடுக்க வேண்டும். வெளியே எடுத்துவிட்டு எழுப்பக் கூடாது.

மிதித்தும் இழுவை வராமல், முகப்பில் விளக்கும் எரிந்தால் அது பழக்கம் அல்ல, கோளாறு. பெங்களூர் நெரிசலில் நாள் முழுதும் ஊர்ந்து போகும் டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி அடைத்துக்கொள்வது உண்டு. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, அவ்வப்போது திறந்த சாலையில் நிற்காமல் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். விளக்கை அலட்சியம் செய்தால் கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்துவிடும்.

தரை விரிப்பையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கார்கள் தாமாக வேகம் எடுத்தன என்று பெரிய புகார் கிளம்பியபோது, அந்நாட்டு அரசும் நாசா நிபுணர்களும் மாதக்கணக்கில் ஆராய்ந்து 2011-ல் அறிக்கை கொடுத்தார்கள். மின்னணுக் கோளாறு என்று எதுவும் அதில் கண்டுபிடிக்கப்படவில்லை. மிதியில் சிக்கிய தரை விரிப்பும், ஒட்டிக்கொண்ட மிதியும்தான் தெரிந்த காரணங்கள். அளவு சரியில்லாத பிளாஸ்டிக் விரிப்பை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவது இங்கேயும் சாதாரணமாக நடப்பது.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. இருபது லட்சத்துக்கு வண்டி வாங்குகிறவர்கள், அதை ஓட்டப்போகிறவருக்கு ஒரு நாள் பழகிக்கொள்ள நேரம் கொடுக்கலாம். பின் சீட்டில் உட்காரப்போவது அவர்களுடைய குடும்பம்தான்.

மூன்று ஞாயிறு

பட்டறை நண்பர் சொன்னபடி, ஈஜிபுரத்து டிரைவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போனார். முதலாளியிடம் சொல்லி அனுமதி வாங்கித்தான். டீசலும் அவரே போட்டார். 'ஒண்ணு... ரெண்டு...' என்று எண்ணிக்கொண்டு மிதித்துப் பார்த்தார். எக்கோவில் ஒரு கணக்கு, ஸ்போர்ட்டில் ஒரு கணக்கு, கையால் கியர் இறக்கினால் ஒரு கணக்கு. மூன்றாம் ஞாயிறு, முதலாளியும் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

சித்திரையில் மறுபடியும் அதே சாலை. இந்தத் தடவை முன்னால் செங்கல் லாரி. டிரைவர் பின்னாலேயே இரண்டு கிலோமீட்டர் போனார். ஒரு வளைவு தாண்டி நேர் சாலை திறந்தது. கியரை இறக்கினார். எஞ்சின் குரல் மாறியது. எதிரே ஒருமுறை பார்த்தார். தூரத்தில் ஒரு வேன் வந்துகொண்டிருந்தது. சுமோவாக இருந்தாலும் விட்டிருப்பார். இப்போதும் விட்டார்.

வேன் போன பிறகு வலது பக்கம் எடுத்தார். மிதித்தவுடன் வண்டி பாய்ந்தது.

பின் சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. விழிக்கவில்லை.